பித்தநாளக் கல்

சென்ற விடுமுறையில் நம் ஆச்சியின் பித்தநாளத்தில் கல்லடைத்து இரணசிகிச்சை நடந்தது. பன்னிரண்டு நாட்கள் வைத்தியசாலையில் அவர்கள் கட்டிலருகே இருந்து கண்டும் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

ஈரலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 முதல் 1000 மில்லிலிட்டர் வரை ஊறும் பித்தநீர், ஒரு சிறு நாளத்தின் வழியே குடலையடைந்து கொழுப்பின் செரிமானத்திற்கு உதவுகின்றது. பித்தப்பையினின்றும் நழுவிய கல் அந்நாளத்தை அடைப்பின் பித்தம் இரத்தத்திற் கலக்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும், தாளாத நமைச்சல் உண்டாகும். ஆச்சி இரவெல்லாம் சீப்பினால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். பித்தமின்றேல் குடல் வைட்டமின் கே சத்தை நன்கு ஏற்பதில்லை. அதனால் இரத்தம் உறையவும் தாமதிக்கும். ஆகவே கத்தி எடுக்குமுன் அச்சத்தையே ஊசிவழி ஏற்றினர்.

இக்காலத்தில் பெரும்பாலும் வாய்வழியே உள்நோக்கியைச் செலுத்திக் கல்லை எடுக்கின்றனர். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் 1974-இல் வெளியான முறை அது. ஆச்சியின் கல் பெரிதாகையால் அது பலிக்கவில்லை. வயிற்றைத் திறந்தே எடுக்க வேண்டியதாயிற்று.

கல்லை எடுத்தபின் நாளத்தில் ஒரு ரப்பர்க் குழாயை வைத்துத் தைத்தனர். ஆங்கில 'டி' எழுத்தின் வடிவினது அது. ஜெர்மானிய வைத்தியர் கேர் வகுத்தது. குறுக்குக் கை நாளத்தினுள்ளும், நெடுங்கை வயிற்றுக்கு வெளியேயும் இருக்கும். சிகிச்சையினால் நாளத்தின் கீழ்வாய் சில நாள் வீங்கியிருக்குமாதலின், பித்தத்திற்கு வேறு வழி வைக்காவிடில் தையல் கசிந்துவிடும். வெளிவரும் பித்தம் கட்டிலடியில் தொங்கும் பையிற் சேர, செவிலியர் காலைதோறும் அதனை அளந்து எழுதினர்.

இரண்டாம் நாள் 400 மில்லிலிட்டர் இருந்தது ஆறாம் நாள் 150 ஆயிற்று. நாம் அஞ்சினோம். ஆச்சியோ, "ஈரலே வத்திப்போச்சோ, தாயீ?" என்று செவிலியைக் கேட்டார்கள். அவர் நகைத்து, "குறைவதுதான் நல்லது, ஆச்சி, பித்தம் தன் வழியே குடலுக்கு இறங்குகிறது" என்றார். மறுநாள் மலத்தின் நிறம் திரும்பிற்று. அத்தகைய செய்தி கேட்டு ஒரு குடும்பமே மகிழும் என்று நாம் முன்னர் எண்ணியதில்லை!

பத்தாம் நாள் குழாய்வழியே மருந்து செலுத்திப் படம் எடுத்தனர். எஞ்சிய கல் ஒன்றுமில்லை. குழாயைக் கட்டிவிட்டும் நோவோ காய்ச்சலோ வரவில்லை. எனினும் உடனே அதனை உருவலாகாது. அதனைச் சுற்றி உடல் தானே ஒரு சுவர் அமைத்துக்கொள்ளல் வேண்டும்; இல்லையேல் பித்தம் வயிற்றினுள் ஒழுகும். ஆகவே ஆச்சி குழாயோடேயே வீடு வந்தார்கள். மூன்றாம் வாரம் அதனை இழுத்தெடுக்க ஒரு நிமிஷங்கூட ஆகவில்லை. அன்று மாலை ரசஞ்சோறு கேட்டார்கள்.