ஆயாவிடம் இருக்கிறது பாட்டு வகுப்பு

மணவாள நகரில் பிள்ளைகளைக் கீபோர்டு வகுப்புக்கும் பாட்டு வகுப்புக்கும் அனுப்பும் வீடுகள் பெருகியிருக்கின்றன. நம் தெருக்களிலிருந்தும் போகிறார்கள். காக்களூர் சிட்கோவிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசு அது. போகட்டும், நல்லதுதான். ஆனால் அதே வீட்டில், ஒருகாலத்தில் நடவு வயலில் முன்பாட்டு பாடிய ஆயா டிவிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பேத்தி கேட்டு அவர் பாட வாயெடுத்தாலும், "அந்தக் காலனிப் பாட்டெல்லாம் எதுக்கு?" என்று மகனே தடுத்துவிடுகிறார்.

இந்தக் கூச்சத்துக்கு வரலாறு உண்டு. ஊர்ச் சாவுக்குப் பறையடிப்பது நம்மவர்மீது பிறப்புக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. தென்னார்க்காட்டில் எல்.இளையபெருமாள் போன்றவர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். அடிக்க மாட்டோம் என்று பறையை எறிந்தவர்கள் செய்தது சுயமரியாதைக் காரியம். ஆனால் இழிவை உதறிய வேகத்தில் வீட்டுக்குள் இருந்த பாட்டும் தாளமும் சேர்ந்து போய்விட்டன.

அவற்றை மேடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் முனைவர் கே.ஏ.குணசேகரன் (1955-2016). சிவகங்கைப் பக்கம் மாறந்தை கிராமத்தில் பிறந்தவர். தான் பட்ட சாதி இழிவுகளை 'வடு' என்ற தன்வரலாற்றில் எழுதினார். கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலை ஊர் ஊராகக் கொண்டுபோனது அவர் குரல்தான். கிராமத்து மெட்டோடு வந்தவர், பின்னாளில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இனியும் வெட்கப்பட என்ன இருக்கிறது?

உலகம் இதை முன்பே கண்டுகொண்டது. ஹங்கேரி நாட்டு இசையமைப்பாளர் சோல்தான் கோடாய் 1905 முதல் கிராமம் கிராமமாகப் போய் விவசாயிகளின் பாட்டுகளைச் சேகரித்தார். குழந்தைக்கு இசையில் தாய்மொழி நாட்டுப்பாடல்தான் என்பது அவர் கட்சி. அந்த வழியில் தினமும் பாட்டு சொல்லித்தரும் தொடக்கப்பள்ளி 1950இல் கெச்கெமேட் நகரில் தொடங்கியது.

வீட்டில் தாலாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருவதால் வரி மறந்தாலும் மெட்டு மனதில் நிற்கும். ஆயா தன் சுருதியில் எடுத்தால் பிள்ளைக்கு எட்டாது. பிள்ளை சாதாரணமாகப் பேசும் குரலை ஒட்டி எடுக்க வேண்டும். தாளத்துக்குக் கும்மி. பெரும்பாலான கும்மி மெட்டுகள் மூன்று மூன்றாக நடக்கும். 'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டே கைதட்டினால் நடை உடம்பில் ஏறும். பிறகு நான்காக, 'தகதிமி'. நடவுப் பாட்டில் ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வீட்டில் ஆயா முன்பாட்டு, பிள்ளைகள் பின்பாட்டு. கேட்டதைக் கேட்டபடி திருப்பிப் பாடுவதுதானே எந்தச் சங்கீதத்துக்கும் முதல் பாடம்! பறை இல்லையென்றால் பிளாஸ்டிக் குடம் போதும். வலக்கையில் தடித்த அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய சிண்டுக்குச்சி என்று இப்போதே பழக்கிவிடலாம்.

ஒப்பாரியை வீட்டில் பாட ஆயாக்கள் சம்மதிக்க மாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம். அந்த இழுப்பும் குழைவும் தாலாட்டிலும் இருக்கின்றன.

சில பாட்டுகளில் ஆண்டையைப் புகழும் வரி வரும், நம்மையே தாழ்த்தும் சொல்லும் வரும். அதைப் பிள்ளையிடம் மறைக்காமல், ஏன் அப்படிப் பாட வேண்டியிருந்தது என்று சொல்லுங்கள். மெட்டை வைத்துக்கொண்டு வரியை மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். நடவு வயலில் மேஸ்திரி பெயரை இழுத்துக் கேலியாக வரி கட்டிய பெண்களுக்கு இது புது வேலையே இல்லை.

எம்.ஏ. தமிழ் படித்தபோது நா.வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' எங்கள் கையில் இருந்தது. பெரும் உழைப்பு அது. ஆனால் நாங்கள் பாட்டுகளை வகை பிரித்துத் தேர்வு எழுதினோமே தவிர, ஒன்றையும் பாடியதில்லை. மெட்டு ஆயாவின் தொண்டையில்தான் இருக்கிறது. அவரோடு அது போய்விடும்.

கம்பெனி பஸ்ஸில் இரவு வந்து இறங்கும் அம்மாவிடம் தினமும் பாட்டு சொல்லிக்கொடு என்று கேட்பது நியாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். பிள்ளையே செல்போனில் பதிவு செய்யட்டும். பாடுவதற்கு முன் ஆயா தன் பெயரையும் ஊரையும், எந்த வேலையின்போது பாடிய பாட்டு என்பதையும் சொல்லட்டும். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. யூடியூபில் கேட்ட பாட்டையே எல்லோரும் பாடும் அந்த மேடைக்கு, அடுத்த முறை ஆயாவின் பாட்டை எடுத்துப் போகலாம். பாடும் முன் அவர் பெயரையும் சொல்லலாம்.