செய்ததைச் சொல்லத் தெரிய வேண்டும்

“நெருக்கடியான ஒரு நேரத்தில் நீங்களாக முன்வந்து செய்த காரியம் ஒன்றைச் சொல்லுங்கள்.” இன்று எந்த நேர்காணலுக்குப் போனாலும் இந்தக் கேள்வி வருகிறது. ஆஸ்பத்திரி, வங்கி, மென்பொருள் கம்பெனி என்று இடத்துக்கு இடம் வார்த்தை மாறும், கேட்பது ஒன்றுதான். எங்கள் குலசேகரம் ஊர்ப் பிள்ளைகள் பலர் திணறி நிற்பதும் இந்த இடத்தில்தான். பாடத்தில் கேட்டால் பதில் சொல்கிறார்கள். ஊசி போடச் சொன்னால் கை நடுங்காமல் போடுகிறார்கள். “நீ என்ன செய்தாய்?” என்று கேட்டால் மட்டும், “பெரிசா ஒண்ணும் செய்யல்லே” என்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

நான் நர்ஸ். நாகர்கோவிலில் வேலையைத் தொடங்கி, வளைகுடா நாட்டில் நெடுங்காலம் பணிபுரிந்து, நர்சிங் சூப்பர்வைசராக ஓய்வு பெற்று ஊர் திரும்பியவள். புதிதாக ஆள் எடுக்கும்போது தேர்வுக் குழுவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அருமையாக வேலை செய்யும் பிள்ளைகள், செய்ததைச் சொல்லத் தெரியாமல் வாய்ப்பை இழப்பதைக் கண்ணால் பார்த்த வேதனைதான் இதை எழுதச் சொல்கிறது.

திருவட்டாறு, திற்பரப்பு, பொன்மனை, பேச்சிப்பாறை என்று எங்கள் பக்கம் எங்கே போனாலும் ரப்பர் தோட்டமும் நர்சிங் படித்த பிள்ளைகளும் இருப்பார்கள். ஊரிலேயே மூகாம்பிகா மருத்துவக் கல்லூரி இருக்கிறது. படிப்புக்குக் குறைவில்லை. படித்து முடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடந்ததை ஏன் கேட்கிறார்கள்?

முதலில் கேட்பவரின் மனதைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப்படைக்கு ஆயிரக்கணக்கில் விமானிகள் தேவைப்பட்டார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளரின் குழுவுக்கு வந்தது. பயிற்சியில் தேறாதவர்களைப் பற்றிய அறிக்கைகளைப் புரட்டினால், ‘இயல்பான திறமை போதாது’ என்பது போன்ற தேய்ந்துபோன சொற்களே இருந்தன. அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை. அதனால் அவர்கள் கேள்வியை மாற்றினார்கள். ‘அவர் எப்படிப்பட்டவர்’ என்பதை விட்டுவிட்டு, ‘அன்றைக்கு அந்த இடத்தில் அவர் என்ன செய்தார்’ என்று நடந்த சம்பவங்களைக் கேட்டுத் திரட்டினார்கள். இந்த முறையை ஃபிளானகன் 1954இல் கட்டுரையாக வெளியிட்டார். வேலைக்கு வருபவர்களிடம் நடந்த சம்பவத்தைக் கேட்கும் இன்றைய பழக்கத்துக்கு அது ஒரு முக்கிய வேர்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் தேர்வுக் குழுவினர் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மதிப்பெண் தாள் இருக்கும். நோயாளி மேல் அக்கறை, துணிவு, மற்றவர்களோடு இணைந்து வேலை செய்வது என்று தலைப்புகள் அச்சாகியிருக்கும். இங்கிலாந்து அரசு 2012இல் நர்ஸ்களுக்கென்று வகுத்த ஆறு பண்புகளும் ஏறக்குறைய இவைதான்: பராமரிப்பு, பரிவு, திறமை, பேசிப் புரியவைப்பது, துணிவு, ஈடுபாடு. ‘நான் பொறுப்பான பெண்’ என்று சொல்வதை வைத்துக்கொண்டு அந்தத் தாளில் என்ன மதிப்பெண் போடுவது? பொறுப்பாக நடந்துகொண்ட ஓர் இரவைச் சொன்னால் போடலாம்.

எல்லா வேலைக்கும் நேர்காணல் உண்டு என்றும் நினைத்துவிட வேண்டாம். மத்திய அரசில் குரூப் சி பணிகளுக்கும், குரூப் பி-யில் கெஜட்டட் அல்லாத பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் இல்லை. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கான நார்செட் தேர்விலும் கிடையாது. ஆனால் வங்கி அதிகாரிப் பணிக்கான ஐபிபிஎஸ் தேர்வில் இறுதி மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு நேர்காணலுக்குப் போகிறது. ஐஏஎஸ் தேர்வில் அதற்கு 275 மதிப்பெண். தனியார் ஆஸ்பத்திரிக்கும் வெளிநாட்டு வேலைக்கும் நேர்காணல்தான் வாசல்.

கலாம் ஏற்றிச் சென்ற வண்டி

வெற்றி என்றவுடன் தங்கப்பதக்கம் வேண்டும், பேப்பரில் பெயர் வர வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்களிடம் அப்துல் கலாமின் அனுபவத்தைச் சொல்வேன்.

டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார் கலாம். தேர்வானவர்கள் எட்டுப் பேர். அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். பிறகு பெங்களூரில் பாதுகாப்புத் துறையின் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, காற்று மெத்தையில் மிதந்து செல்லும் ஹோவர்கிராஃப்ட் வண்டியைச் சிறு குழுவோடு வடிவமைத்தார். அதற்கு ‘நந்தி’ என்று பெயர். ராணுவ அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனனே அதில் ஏறிப் பயணம் செய்தார். இத்தனை இருந்தும் அந்தத் திட்டம் பயன்பாட்டுக்குப் போகாமல் கிடப்பில் போடப்பட்டது.

அந்தச் சோர்வான காலத்தில் நந்தியைப் பார்க்க ஒருவர் வந்தார். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் எம். ஜி. கே. மேனன். கலாம் அவரைப் பத்து நிமிடம் வண்டியில் ஏற்றிச் சென்று காட்டினார். சில நாளில், 1962இல் தொடங்கப்பட்ட விண்வெளி ஆராய்ச்சிக் குழுவிலிருந்து பம்பாய்க்கு நேர்காணல் அழைப்பு வந்தது. கேள்வி கேட்டவர் விக்ரம் சாராபாய். பக்கத்தில் எம். ஜி. கே. மேனன். மறுநாளே கலாம் தேர்வானார். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போனபோது அவரும் அந்தக் குழுவில் ஒருவர். தும்பா எங்களுக்குத் தூரமில்லை, திருவனந்தபுரத்தைத் தாண்டினால் வந்துவிடும்.

இதையெல்லாம் கலாமே ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் சொல்லியிருக்கிறார். நான் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவது, கலாமுக்கு வழி திறந்த வண்டி எந்தத் திட்டத்துக்குரியது என்பதைத்தான். அது கைவிடப்பட்ட திட்டம். வண்டி ராணுவத்துக்குப் போகவில்லை, ஆனால் அதைச் செய்தவர் யார், எப்படிச் செய்தார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. நேர்காணலில் சொல்ல வேண்டிய வெற்றியும் அப்படிப்பட்டதுதான். முடிவு சிறிதாக இருக்கலாம், பாதியில் நின்றும் போயிருக்கலாம். உங்கள் கை பட்ட இடம் தெரிய வேண்டும்.

மூன்று மணிக்கு எழும்பும் நோயாளிகள்

ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளியின் மகள் ஒருத்தி, ஓர் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் வார்டு நர்ஸ், வெளிநாட்டு நேர்காணலுக்குத் தயாராக என்னிடம் வந்தாள்.

“மாமி, நான் ஹார்டு வொர்க்கர், டீம் பிளேயர்னு சொல்லட்டா?”

“அத எல்லாரும் சொல்லுவாங்க மக்களே. ஒனக்க வார்டில நீ செய்து மாறின காரியம் ஒண்ணு சொல்லு.”

“அப்படி ஒண்ணும் இல்ல மாமி. எல்லாரும் சேந்துதான் பாத்தோம்.”

“சரி, நைட் டியூட்டியில பயம் வாற நேரம் எது?”

“வெளுப்பாங்காலம் மூணு, மூணரை. வயசானவங்க கட்டில்ல இருந்து விழுறது அப்பந்தான்.”

“அது ஏன் மூணு மணிக்கு?”

“அவங்கள்ல பாதிப் பேரு பால்வெட்டுக்குப் போனவங்க மாமி. எங்க அப்பாவும் அந்நேரம்தான் எழும்புவாரு. ஆஸ்பத்திரியில கிடந்தாலும் முழிப்பு வந்திரும். கையில டிரிப்போட இருட்டில எழும்புவாங்க.”

“அதுக்கு நீ என்ன செய்த?”

“ரெண்டரைக்கே ஒரு சுத்து போவேன். வெட்டுக்குப் போறவங்க யாருன்னு அட்மிஷன் அன்னைக்கே கேட்டு வச்சிருப்பேன். அவங்கள நானே பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க் கிடத்திருவேன். கட்டில் கம்பிய ஏத்தி விடுவேன், சின்ன லைட்டப் போட்டு வைப்பேன்.”

எனக்கு மெய்சிலிர்த்தது. நோயாளியின் தொழிலையும் தூக்கத்தையும் சேர்த்துப் பார்த்து, ஒரு விபத்தை முன்கூட்டியே தடுத்திருக்கிறாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத அறிவு அது, அப்பாவோடு ஒரே வீட்டில் வளர்ந்ததால் வந்தது. அவளோ அதை வேலையாகவே எண்ணவில்லை. வார்டில் பழைய விபத்துக் குறிப்பேட்டைப் பார்த்து வரச் சொன்னேன். அவள் சுற்றுப் போகத் தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் விடியலுக்கு முன் விழுந்தவர்கள் நான்கு பேர். அடுத்த மூன்று மாதத்தில் அவள் டியூட்டி பார்த்த இரவுகளில் யாருமில்லை. பிறகு ஹெட் நர்ஸ் மற்றவர்களையும் அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறார்.

நான்கு படி

நடந்ததைச் சொல்லும் ஒழுங்குக்கு ஸ்டார் முறை என்று பெயர். சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்று நான்கு படி. நர்ஸ்களுக்கு இது புதிதில்லை. நள்ளிரவில் டாக்டரைப் போனில் அழைத்தால் நிலைமை, பின்னணி, நம் கணிப்பு, என்ன வேண்டும் என்று எஸ்பார் வரிசையில்தானே சொல்கிறோம்! அதே பழக்கம்தான் இங்கும் கைகொடுக்கும்.

அந்தப் பெண் கடைசியில் சொன்னது இப்படி இருந்தது: “எங்கள் வார்டில் விடியலுக்கு முன் வயதான நோயாளிகள் விழுவது அடிக்கடி நடந்தது. இரவில் அவர்கள் பாதுகாப்பு என் பொறுப்பு. விழுபவர்களில் பலர் மூன்று மணிக்கே எழுந்து பழகிய ரப்பர் தொழிலாளிகள் என்பதைக் கவனித்தேன். சேரும்போதே தொழிலைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, இரண்டரை மணிக்கு அவர்களைக் கழிப்பறைக்கு அழைத்துப் போனேன். மூன்று மாதம் என் டியூட்டியில் யாரும் விழவில்லை. இப்போது ஹெட் நர்ஸ் சொல்லி எல்லா இரவும் அந்தச் சுற்று நடக்கிறது.”

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். சூழலை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். நம் பிள்ளைகள் பலர் சூழலிலேயே நேரத்தைக் கரைத்து, தாம் செய்ததற்கு வரும்போது மூச்சு வாங்குவார்கள். அடுத்தது, செயலைச் சொல்லும்போது ‘நான்’ என்றாள். ஹெட் நர்ஸுக்குரிய பங்கை அவருக்கே கொடுத்துவிட்டு நம் பங்கைச் சொல்வது தற்பெருமை ஆகாது. எல்லாவற்றையும் ‘நாங்கள்’ என்று சொன்னால் கேட்பவருக்கு யாருக்கு மதிப்பெண் போடுவது என்றே தெரியாது. மூன்றாவது, எண்ணிச் சொல்லக்கூடிய விளைவு ஒன்று இருந்தது.

வேலைக்கே போகாதவர்களிடமும் சரக்கு இருக்கிறது. பி.காம் முடித்த ஒரு பையன் வங்கி நேர்காணலுக்குப் போக வேண்டும், அனுபவம் எதுவும் இல்லை என்றான். வீட்டு ரப்பர் ஷீட்டை யார் விற்பது என்று கேட்டேன். அவன்தான். தினமும் விலையை நோட்டில் குறித்து, ஷீட்டைத் தரம் பிரித்து, அவசரத்துக்கு விற்காமல் விலை ஏறும்வரை வைத்திருந்து விற்றிருக்கிறான். கணக்கும் பொறுமையும் பேரம் பேசும் திறனும் அதிலேயே இருக்கின்றன. வங்கிக்கு வேறு என்ன வேண்டும்?

செய்ய வேண்டியதும் கூடாததும்

ஐந்தாறு சம்பவங்கள் கையிலிருந்தால் பெரும்பாலான கேள்விகளைச் சமாளிக்கலாம். கோபக்காரரைச் சமாளித்தது, கூட வேலை செய்பவரோடு வந்த பிணக்கைத் தீர்த்தது, தெரியாததைச் சீக்கிரம் கற்றது, ஆள் பற்றாத நாளை ஓட்டியது, யாரும் சொல்லாமல் தானாகச் செய்தது, செய்த தவறைத் திருத்தியது. தவறைப் பற்றிக் கேட்டால் மழுப்ப வேண்டாம். என்ன நடந்தது, உடனே யாரிடம் சொன்னீர்கள், அதன்பின் உங்கள் பழக்கத்தில் என்ன மாறியது என்று சொல்லுங்கள். அந்த மாற்றம்தான் அங்கே வெற்றி.

முதலில் வீட்டில் பேசுகிற தமிழில் கதையைச் சொல்லிப் பழகுங்கள். ஒழுங்கு பிடிபட்ட பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாம். வாக்கியத்தை மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்தாலும் எல்லாம் நின்றுவிடும், நடந்ததை நினைவில் வைத்தால் எந்த மொழியிலும் சொல்ல வரும். உங்கள் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் இடையில் “அது யாரு?” என்று கேட்டால் அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தவர் கதையை எடுத்துச் சொல்லாதீர்கள். “ஒரே நேரத்தில் இரண்டு பேர் கூப்பிட்டால் யாரிடம் முதலில் போனீர்கள்?” என்று குழுவில் ஒருவர் கேட்பார். அந்த இரவில் வார்டில் நின்றவளுக்கு யோசிக்காமல் பதில் வரும், காசு கொடுத்துக் கதை வாங்கியவருக்கு வராது. அதேபோல நோயாளியின் பெயர், ஊர், அடையாளம் எதையும் சொல்லாதீர்கள். இரகசியம் காப்பவரா என்பதையும் குழு அங்கேயே எடைபோடும்.

அழைப்புக் கடிதம் வந்த பிறகு கதை தேடினால் பாதி மறந்திருக்கும். ஆகவே வேலையில் இருக்கும்போதே, வாரத்துக்கு ஒருமுறை, செய்த காரியம் ஒன்றைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். என்ன சிக்கல், நான் என்ன செய்தேன், பிறகு என்ன மாறியது என்று மூன்று வரி போதும். அந்தப் பெண் சுற்றுப் போகத் தொடங்கிய நாளைக் குறித்து வைத்திருந்தால், பழைய குறிப்பேட்டைத் தேடி அலைந்திருக்க வேண்டாம். வேலையில் நீங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நீங்கள் வாய் திறந்து சொன்னதற்குத்தான் மதிப்பெண் போட முடியும். நான் அங்கே உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான் போட்டேன்.