பூட்டிய வீடும் இரண்டு நாள் கண்டியும்

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் ஒன்றில், தலைவி வர நேரமாகியதால், இதுவரை போன ஊர்களை ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பட்டியல் நீண்டது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், செட்டிகுளம். சொல்லி முடிந்ததும் ஒருவர் சிரித்தார். "இதில ஒரு ஊருக்காவது நாங்களா விரும்பிப் போனனாங்களோ?" என்று கேட்டார்.

இடம்பெயர்ந்து போயிருக்கிறோம். மருந்தெடுக்கவும் வழக்குக்கும் செத்த வீட்டுக்கும் போயிருக்கிறோம். ஊர் பார்ப்பதற்கென்று, சிநேகிதிகளோடு சும்மா இருந்துவிட்டு வருவதற்கென்று ஒரு நாளும் போனதில்லை. அந்தக் கேள்விதான் எங்களைக் கண்டிக்குக் கொண்டுபோனது.

நாங்கள் நால்வர். 2009 இல் மெனிக்பாம் முகாமில் ஒரே கூடாரத்தில் இருந்தவர்கள். அதற்கு முன்னர் ஒருவரை ஒருவர் தெரியாது. ஒருவர் தையல் தைப்பவர். கணவரை இறுதிப் போரில் இழந்து, மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருப்பவர். ஒருவர் முன்பள்ளி ஆசிரியை. ஷெல் வீச்சில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். எல்லோருக்கும் மூத்தவரை நாங்கள் பெரியக்கா என்போம். 2009 வைகாசியில் காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டிருப்பவர். நான்காவது நான்.

ஏன் கண்டி? கிளிநொச்சியில் எங்கள் வாழ்க்கை முழுவதும் ஏ9 வீதியின் கரையில்தான். அந்த வீதி மூடியிருந்தபோது மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்திற்கும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2002 இல் திறந்தார்கள். 2006 ஆவணியில் மறுபடி மூடினார்கள். இவ்வளவு கதையும் உள்ள வீதி எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், கண்டியில். யாழ்ப்பாணம் வரை 320 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும் இந்த வீதியின் மறு நுனியை நாங்கள் ஒருவரும் கண்டதில்லை.

மாதம் ஆளுக்கு 1000 ரூபா சேர்ப்பதென்று தீர்மானித்தோம். முதலில் 2022 இல் போக நினைத்தோம். அந்த வருடம் மண்ணெண்ணெய் வரிசையிலும் அரிசி விலையிலும் அந்தக் காசு கரைந்துபோயிற்று. பிறகு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினோம். பத்து மாதத்தில் 40,000 ரூபா சேர்ந்தது.

காசு சேர்ந்த பிறகுதான் மற்ற வில்லங்கங்கள் தொடங்கின. "புருசன் இல்லாதவளுக்கு என்ன ஊர் சுத்தல்?" என்ற கதை தையல்காரச் சிநேகிதியின் காதுக்கு வந்துவிட்டது. அவர் மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் யோசித்தார். கடைசியில் சொன்னபோது அந்தக் கிழவி சேலைத் தலைப்பிலிருந்து 500 ரூபாவை அவிழ்த்துக் கொடுத்து, "கித்துள் கருப்பட்டி நல்லதாப் பார்த்து வாங்கி வா. பிள்ளையளை நான் பாக்கிறன்" என்றாராம். நாம் பயப்படுகிற எல்லா இடத்திலும் பயம் இருப்பதில்லை. (எல்லா மாமியாரும் இப்படி என்று நான் எழுத வரவில்லை.)

பெரியக்காவின் வில்லங்கம் வேறு. அவர் கொழும்புக்கும் போயிருக்கிறார், வவுனியாவுக்கும் போயிருக்கிறார். எல்லாம் ஆணைக்குழுக்களுக்கு முன்னால் சாட்சி சொல்லவும் கடிதம் கொடுக்கவும்தான். 2017 மாசி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளின் போராட்டப் பந்தலிலும் எத்தனையோ நாள் இருந்தார். ஆனால் இரவில் வீட்டுக்கு வந்துவிடுவார். கொழும்புக்குப் போனாலும் இரவுப் பஸ்ஸில் போய் இரவுப் பஸ்ஸில் திரும்புவார். வந்தால் வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது என்பது அவருடைய கணக்கு. யார் வந்தால் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

"நீங்கள் மூண்டு பேரும் போட்டு வாங்கோ. என்ரை காசையும் கொண்டு போங்கோ" என்றார்.

நாங்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. இரண்டு கிழமை இழுபட்டது. கடைசியில் ஆசிரியைதான் ஒரு வழி சொன்னார். பக்கத்து வீட்டில் திறப்பைக் கொடுப்பது. மாலையில் அவர்கள் வந்து விளக்கு வைப்பது. கதவில் பெரியக்காவின் தொலைபேசி இலக்கத்தை வெண்கட்டியால் பெரிதாக எழுதி விடுவது. முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதுகிற அந்தக் குண்டு எழுத்தில் ஆசிரியையே வந்து எழுதினார். பெரியக்கா தூர நின்று வாசித்துப் பார்த்தார். படலையடியில் நின்றும் வாசித்துப் பார்த்தார். பிறகுதான் பையை எடுத்தார்.

சனிக்கிழமை விடியற்காலை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினோம். ஓமந்தை வந்தபோது எங்கள் பேச்சுத் தானாகவே நின்றுவிட்டது. ஒரு காலம் இறங்கி, பையைத் திறந்து, வரிசையில் நின்ற இடம். அந்தச் சோதனைச் சாவடி இப்போது இல்லை. பஸ் நிற்காமலே போய்விட்டது. ஆனால் தையல்காரச் சிநேகிதியின் கையில் அடையாள அட்டை இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

தம்புள்ளையில் தேத்தண்ணி குடித்தோம். எங்கள் பக்கத்து மரக்கறியும் பப்பாசியும் லொறியில் வந்து சேருகிற பொருளாதார மத்திய நிலையம் இங்கேதான் இருக்கிறது. நாலந்தாவைத் தாண்ட வீதி வளையத் தொடங்கியது. வன்னியில் பிறந்தவர்களுக்கு மலை என்பது புத்தகத்துப் படம்தான். மாத்தளையில் வீதியோரத்திலேயே முத்துமாரியம்மன் கோவில். பஸ்ஸுக்குள் இருந்தபடி கும்பிட்டோம். அதற்குப் பிறகு வந்த வளைவுகளில் இருவருக்கு வாந்தி. எலுமிச்சம்பழமும் ஒரு பொலித்தீன் பையும் கொண்டுபோகாமல் மலைநாட்டுக்குப் புறப்படாதீர்கள்.

கண்டியில் இறங்கியதும் தையல்காரச் சிநேகிதி என் காதுக்குள், "தமிழில கதைக்கலாமோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல முன்னர் பக்கத்தில் பூக்கடையில் நின்ற பெண், "வாங்க அக்கா, தாமரை, நீலோற்பலம்" என்று கூப்பிட்டார். தோட்டப்புறத்துத் தமிழ். கண்டிக் கடைத்தெருவில் தமிழ் கேட்கும் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

முன்கூட்டியே சொல்லி வைத்த சிறிய விடுதியில் நால்வருக்கும் ஒரே அறை. பையை வைத்துவிட்டு வாவிக்கரைக்குப் போனோம். இந்த வாவி இயற்கையானதல்ல. வயலாக இருந்த இடத்தை மறித்துக் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்தது. 1812 இல் முடிந்தது. இவன் மதுரை நாயக்கர் வழி வந்தவன். இயற்பெயர் கண்ணசாமி. 1815 இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, மறு வருடம் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தான்.

வாவிக் கட்டில் இருந்துகொண்டு ஆசிரியை இன்னொரு கதையும் சொன்னார். மன்னனுக்கு எதிராகத் திரும்பிய எகலப்பொல என்ற பிரதானி ஆங்கிலேயரிடம் போய்விட்டான். அவன் கைக்கு எட்டாததால் 1814 இல் அவனுடைய மனைவியையும் பிள்ளைகளையும் பிடித்தார்கள். தாயின் கண்முன்னே பிள்ளைகளின் தலையை வெட்டினார்கள். மூத்தவன் பயந்து தாய்க்குப் பின்னால் ஒளிய, இளையவன் தானே முன்வந்து நின்றான் என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்கிறார்கள். பிறகு தாயைப் போகம்பறைக் குளத்தில் அமிழ்த்திக் கொன்றார்கள். ஆண்கள் சண்டை பிடிக்கப் பெண்ணும் பிள்ளையும் விலை கொடுத்த கதை. யார் ஆண்டாலும் இது மாறவில்லை.

பெரியக்கா கனநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தத் தாய்க்குப் பிள்ளையளுக்கு என்ன நடந்ததெண்டு தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

தலதா மாளிகைக்குப் போகும்போது தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். பைகளைச் சோதித்துத்தான் விடுகிறார்கள். 1998 தை 25 இல் விடுதலைப் புலிகளின் குண்டு லொறி வெடித்து மாளிகையின் முகப்புச் சிதைந்தது இந்த வாசலில்தான். கும்பிட வந்த சனங்களும் செத்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட நாளில் நாங்கள் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் இருந்தோம். செத்தவர்களைப் பற்றி அன்று நாங்கள் யோசித்ததாக எனக்கு நினைவில்லை. வாசலில் நின்றபோது யோசித்தேன்.

செருப்பில்லாமல் நடந்தால் ஆசிரியையின் செயற்கைக் கால் வழுக்கும். அதனால் அவரும் பெரியக்காவும் மாளிகைக்குள் வரவில்லை. நாங்கள் இருவரும் திரும்பி வந்தபோது அவர்கள் எதிர்ப்புறத்தில் இருந்த சிறிய கோவிலடியில் இருந்தார்கள். "இது ஆரெண்டு தெரியுமே? எங்கடை கண்ணகை!" என்றார் பெரியக்கா. அது பத்தினி தேவாலயம். கண்ணகியைத்தான் சிங்கள மக்கள் பத்தினித் தெய்யோ என்று கும்பிடுகிறார்கள். கஜபாகு மன்னன் இந்த வழிபாட்டைக் கொண்டுவந்தான் என்பது மரபு. பெரியக்கா பிறந்த ஊர் முல்லைத்தீவுப் பக்கம். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவர். பிள்ளைகளுக்கு அம்மை வந்தால் இவர்களும் அங்கேதான் நேருகிறார்களாம். தாமரைப்பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்து, "நீதி கேட்டவள்தானே, இங்கையும் ஒருக்காச் சொல்லி வைச்சன்" என்றார்.

இரவு அறையில் இரண்டு கட்டில்கள். ஒரு மெத்தையை நிலத்தில் போட்டோம். விளக்கை அணைத்த பிறகு தையல்காரச் சிநேகிதி, "மெனிக்பாமுக்குப் பிறகு நாலு பேரும் ஒண்டாப் படுக்கிறது இண்டைக்குத்தான்" என்றார். அங்கே மழை பெய்தால் கூடாரத்துக்குள் தண்ணீர் வரும். ஆசிரியையின் புண் காயாத காலைப் பெரியக்கா தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு விடியும்வரை இருப்பார். அதைக் கதைத்தோம். தண்ணீர் வரிசையில் நடந்த சண்டைகளைக் கதைத்தோம். வாளி களவு போன கதையில் ஆசிரியை சிரித்துப் புரையேறிவிட்டார். கணவர் இறந்த பிறகு சத்தமாகச் சிரித்தால் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பது தனக்குப் பழகிப்போய்விட்டது என்றார் தையல்காரச் சிநேகிதி. அந்த அறையில் திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

நடுச்சாமத்தில் எங்கேயோ வெடி கொளுத்தினார்கள். நான்கு பேரும் எழுந்து நிலத்தில் இருந்தோம். கலியாண வீடாக இருக்க வேண்டும். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியக்கா எல்லோருக்கும் தண்ணீர் வார்த்துத் தந்தார். பெரியக்காவின் தொலைபேசி தலைமாட்டில் வெளிச்சம் மேலே பார்க்கக் கிடந்தது. அவர் இரவில் எத்தனை தரம் அதை எடுத்துப் பார்த்தார் என்று நான் எண்ணவில்லை. ஆனால் விடிய ஆறு மணிக்கு நான் எழும்பியபோது அவர் நல்ல நித்திரை.

ஞாயிறு பேராதனைப் பூந்தோட்டம். மகாவலி மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவில் 147 ஏக்கர். 1843 இல் ஆங்கிலேயர் ஒழுங்காகத் தொடங்கிய தோட்டம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1944 இல், மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இங்கேதான் இருந்தது. இப்போது குடைக்குக் கீழே சோடி சோடியாகக் காதலர்கள். நாங்கள் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு நடந்தோம். வரிசையாக நின்ற அரச பனைகளைக் கண்டு, "இதென்ன, வெள்ளையடிச்ச பனை!" என்றார் தையல்காரச் சிநேகிதி. 1901 இல் பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் நட்ட நாகலிங்க மரம் இன்னும் நிற்கிறது. உயர்ந்த மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கறுப்புத் துணி காயப்போட்டதுபோலத் தொங்குகின்றன.

பெரிய புல்வெளியில் யாவா அத்தி மரம் ஒன்று குடை விரித்து நிற்கிறது. அதன் கீழே இருந்து பார்சல் சோற்றைச் சாப்பிட்டோம். ஆசிரியை செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் புல்லில் வைத்தார். வெளியிடத்தில் அவர் அதைக் கழற்றி நான் கண்டதில்லை. ஒரு சின்னப் பெடியன் வந்து அதைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். தாய் ஓடி வந்து இழுத்தார். ஆசிரியை, "பரவாயில்லை" என்று சைகை காட்டிவிட்டு, அதைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். தாயும் பக்கத்தில் இருந்துவிட்டார். எங்களுக்குச் சிங்களம் கொஞ்சம், அவருக்குத் தமிழ் கொஞ்சம். மாங்காய்த் துண்டும் உப்பும் தந்தார்.

போக விரும்புகிற சகோதரிகளுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். போயா நாட்களிலும் பெரஹரா நடக்கும் நாட்களிலும் கண்டியில் அறை கிடைப்பது கடினம், விலையும் ஏறும். அறைக்குக் காசு கொடுக்க முன்னர் கதவின் உள்தாழ்ப்பாளைப் பூட்டிப் பாருங்கள். பஸ்ஸில் யாராவது சேட்டை விட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தையல்காரச் சிநேகிதியின் கையில் சட்டைக்குத்தும் ஊசி ஆயத்தமாகத்தான் இருந்தது.

கித்துள் கருப்பட்டி வாங்கி, மத்தியானம் புறப்பட்டோம். செலவு போக 3,400 ரூபா மிச்சம்.

கிளிநொச்சியில் இறங்கும்போது இரவு ஒன்பது தாண்டிவிட்டது. பெரியக்காவைத் தனியே விடாமல் எல்லோரும் ஓட்டோவில் அவர் வீட்டுக்குப் போனோம். பக்கத்து வீட்டுப் பெண் திறப்பைக் கொண்டு வந்தார்.

"ஆரும் வந்தவையோ?"

"முட்டை வாங்கிறவன் வந்தவன் அக்கா. வேறை ஒருத்தரும் வரேல்லை."

பெரியக்கா தலையாட்டிவிட்டுக் கதவைத் திறந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆசிரியை ஈரத்துணி எடுத்து வந்து, கதவில் தான் எழுதிய இலக்கத்தை அழிக்கப் போனார்.

"அழிக்காதை பிள்ளை, கிடக்கட்டும்" என்றார் பெரியக்கா. "அடுத்த முறை கடல் உள்ள ஊராப் பாப்பம். திருகோணமலைக்கு எவ்வளவு காசு வரும்?"