இருட்டை அளக்கும் அவரை

சுவீடனின் நோர்ஷொப்பிங் நகரில் ஆனி மாதப் பகல் 18 மணி நேரத்தையும் தாண்டும். அந்த வெளிச்சத்தில் சாதாரண சோயா அவரையை விதைத்தால் செழித்து வளரும், பூக்காது. இரவு நீளட்டும் என்று காத்திருந்து அது பூத்துக் காய் முற்றுவதற்குள் உறைபனி விழுந்துவிடும்.

இந்தக் காத்திருப்பின் காரணம் 1920இல்தான் வெளிவந்தது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கார்னரும் அலாடும் 'பிலொக்சி' என்ற சோயா இனத்தை நாள் தள்ளித் தள்ளி விதைத்துப் பார்த்தார்கள். முந்தி முளைத்ததும் பிந்தி முளைத்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தன. சட்டிகளைப் பிற்பகலிலேயே இருட்டறைக்குள் வைத்தபோது கோடை நடுவில் பூ வந்தது. செடி அளப்பது இடையறாத இருட்டின் நீளத்தையே என்பது பிறகு தெளிவானது.

குளிர்நாட்டுக்காரர்களின் வேலை, அந்தக் கணக்கைச் செடி மறக்கும்படி செய்வது. 1940களில் சுவீடனின் ஸ்வென் ஹொல்ம்பேர்க் யப்பானின் ஹொக்கைடோவிலும் சகலினிலும் விளைந்த அவரைகளைத் தேடி எடுத்து, ஐரோப்பிய இனங்களோடு கலந்து, 'ஃபிஸ்கெபி' இனங்களை உருவாக்கினார். நீண்ட பகலிலும் அவை பூக்கும். இன்னொரு தொல்லையும் இருந்தது. பூக்கும் வேளையில் வெப்பநிலை 15 பாகைக்குக் கீழே இறங்கினால் பல இனங்கள் பூவைக் கொட்டிவிடும். ஃபிஸ்கெபி அந்தக் குளிரிலும் காய் பிடித்தது. ஹொல்ம்பேர்க் தந்த இன்னொரு சுவீடன் வழியைக் கலந்துதான் கனடாவின் ஒட்டாவாவில் 'மேப்பிள் அரோ' பிறந்தது. 1976இல் விவசாயிகளிடம் போனது.

இலங்கையின் வெருகலில் நிலைமை நேர்மாறு. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் ஒரு மணி நேரமே வித்தியாசம். இரவு எப்போதும் போதிய அளவு நீளம். வடக்கத்திய சோயா இங்கே வந்தால் முழங்கால் உயரம் வளருமுன் பூத்து, நாலைந்து காயோடு ஓய்ந்துவிடும். பிரேசில்காரர்கள் பூப்பதைத் தள்ளிப்போடும் மரபணுவைச் சேர்த்தே தங்கள் வெப்ப வயல்களில் சோயாவை நிலைநிறுத்தினார்கள். இலங்கையில் இந்தப் பயிருக்கான ஆராய்ச்சி மஹா இலுப்பள்ளமவில் நடக்கிறது. விளைச்சல் பெரும்பாலும் அநுராதபுரப் பக்கம்.

வெருகல் ஆற்றோரம் நெல்தான் ராசா. அந்த நெல்லும் ஒருகாலத்தில் இருட்டை அளந்ததுதான். பழைய ஐந்து, ஆறு மாத நெல்லினங்கள் சில, மார்கழியை ஒட்டி இரவு நீண்டால்தான் கதிர் தள்ளும். சிறுபோகத்தில் விதைத்தால் வெறும் இலையாக நிற்கும். குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடை நிலையம் அந்தப் பழக்கத்தைக் கழித்த இனங்களை வெளியிட்டது. 1987இல் வந்த பி.ஜி. 300 மூன்று மாத நெல். 1992இல் வந்த பி.ஜி. 352 மூன்றரை மாதம். எண்ணின் தொடக்கமே வயதைச் சொல்லிவிடும். வெள்ளம் வடியப் பிந்திய வருசத்தில் எதை விதைப்பது என்று தீர்மானிக்க அந்த எண் போதும்.