உட்கார இடம் தந்த ஊர்

மதுரைக்குப் போய்விட்டு வந்த மறுநாள், பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றபடி அம்மாவிடம் கேட்டார்: "ஊரெல்லாம் எப்படிங்க இருந்துச்சு?"

நான்கு கோபுரங்களையும், பொற்றாமரைக் குளத்தையும், ஆயிரங்கால் மண்டபத்தையும், நாயக்கர் மகாலையும் பார்த்துவிட்டு வந்திருந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "நல்லாருந்துச்சு கண்ணு. போற பக்கமெல்லாம் உக்கார எடமிருந்துச்சு" என்றார்.

எனக்கு அந்த ஸ்டூல் ஞாபகம் வந்தது. மாசி வீதியில் நூலும் பொத்தானும் விற்கும் ஒரு சின்னக் கடை. அம்மாவுக்கு முழங்கால் வலி. நடந்து வந்தவர் கடை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உள்ளேயிருந்த பெண் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டே வந்து போட்டார். "இப்படி உக்காருங்கம்மா, மொகமே வாடிப் போச்சு." கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எதுவும் வாங்கவில்லை, வாங்கச் சொல்லவும் இல்லை.

அதே பயணத்தில் இன்னொரு பெரிய நகரத்துக்கும் போயிருந்தோம். அருங்காட்சியகத்திலிருந்து பூங்காவுக்கு 700 மீட்டர்தான், நடந்தே போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன். ஒரு பக்கம் நீண்டுகொண்டே போகும் மதில் சுவர். மறுபக்கம் மேம்பாலத் தூண்கள். மரம் இல்லை, கடை இல்லை, பேசுவதற்கு ஓர் ஆளும் இல்லை. பாதி வழியில் அம்மா நின்றார். "இன்னும் எத்தன தூரம் கண்ணு?" பூங்காவைப் பார்க்காமலே ஆட்டோ பிடித்துத் திரும்பினோம். பிறகு கைபேசி வரைபடத்தில் அளந்து பார்த்தேன். மதுரையில் நாங்கள் தங்கிய விடுதியிலிருந்து கோயிலுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல் தூரம். அதை அம்மா இரண்டு நாளில் நான்கு முறை நடந்திருந்தார்.

கால்கள் அதே கால்கள்தான். ஒரு ஊரில் நடந்தன, இன்னொன்றில் மறுத்தன. இந்தப் புதிருக்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோது, இதையே கருவிகளை வைத்து அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரம்பியல் ஆய்வாளர் காலின் எலார்ட், 2011-இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் ஆட்களைச் சிறு குழுக்களாகத் தெருவில் நடத்திக் கூட்டிப் போனார். அவர்கள் கையில் தோலின் மின்கடத்தலை அளக்கும் ஒரு கருவி இருந்தது. மனம் எதையாவது கண்டு விழித்துக்கொண்டால் நமக்கே தெரியாத அளவுக்கு உள்ளங்கையில் வியர்வை கசியும். ஈரம் கூடினால் தோலில் மின்சாரம் எளிதாகப் பாயும். அதை வைத்து ஒருவரின் உள்ளக் கிளர்ச்சியைக் கணக்கிடலாம். நடுநடுவே நிறுத்தி, இந்த இடம் எப்படி இருக்கிறது என்று கைபேசி வழியாகக் கேள்வியும் கேட்டார்கள்.

ஒரு நிறுத்தம், தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நீண்டு கிடந்த பெரிய சூப்பர்மார்க்கெட்டின் வெற்று முகப்பு. இன்னொன்று அங்கிருந்து சில எட்டுத் தூரத்தில், சின்னச் சின்ன உணவுக்கடைகள் நெருக்கியடித்து நிற்கும் இடம். வெற்று முகப்பின் முன்னால் கருவியின் அளவு சரிந்தது. மந்தம், சலிப்பு, உயிரில்லை என்ற பொருளில் பதில்கள் வந்தன. உணவுக்கடைகளின் முன்னால் அளவும் ஏறியது, வார்த்தைகளும் துள்ளின. மக்கள் அதே மக்கள், நேரமும் ஏறக்குறைய அதே நேரம். மாறியது சுவர் மட்டும்.

சலிப்பு என்றால் மனம் ஓய்வெடுக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதே பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டாங்கர்ட் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சலிப்பூட்டும் படத்தைப் பார்த்தவர்களுக்கு, சோகப் படம் பார்த்தவர்களைக் காட்டிலும் இதயத்துடிப்பும் மனஅழுத்த ஹார்மோனான கார்டிசோலும் கூடியிருந்தன. ஆக, அந்த 700 மீட்டர் மதில் அம்மாவின் முழங்காலை மட்டும் சோதிக்கவில்லை.

டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கெல் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். மனிதன் நடப்பது மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போகிறவனுக்கு 5 நொடிக்கு ஒரு முறையாவது கண்ணுக்குப் புதிதாக ஏதாவது கிடைக்க வேண்டும் என்கிறார். 5 நொடியில் நாம் கடப்பது சுமார் 7 மீட்டர். அப்படியென்றால் 100 மீட்டருக்குள் பதினைந்து, இருபது வாசல்கள் இருந்தால் தெரு அலுக்காது. மாசி வீதியில் பத்தடி அகலக் கடைகளே ஏராளம். இரண்டு நொடிக்கு ஒரு வாசல் வருகிறது. ஒன்றில் குத்துவிளக்கு, அடுத்ததில் பாவாடை நாடா, அதற்கடுத்து கொதிக்கும் எண்ணெயில் இறங்கும் வடை. அந்த மதிலோரம் நாங்கள் நடந்த எட்டு நிமிடத்தில் கண்ணுக்குக் கிடைத்தது, சுவரில் பாதி கிழிந்த ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கோபன்ஹேகனில் ஸ்ட்ரோகெட் தெருவை 1962-இல் வாகனங்களுக்கு மூடி நடப்பவர்களிடம் கொடுத்தார்கள். அந்த நகரத்தின் தெருக்களில் பல்லாண்டு காலம் ஆட்களை எண்ணி எண்ணித்தான் கெல் தன் கணக்குகளுக்கு வந்தார்.

நம் நாட்டில் இத்துடன் வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெப்பமானி காட்டுவது காற்றின் சூட்டை. உடம்பு உணர்வதோ அதோடு சேர்த்து மேலிருந்து சூரியனும் கீழிருந்து தார்ச்சாலையும் பக்கத்திலிருந்து சுவரும் வீசும் கதிர்வீச்சை. கோடை மதியத்தில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். கடைவாசலில் இழுத்துக் கட்டிய ஒரு தார்ப்பாய் காற்றின் சூட்டைக் குறைப்பதில்லை. ஆனால் அந்தக் கதிர்வீச்சின் பெரும் பகுதியைத் தலைக்கு மேலேயே தடுத்துவிடுகிறது.

பயணத் திட்டத்தில் பெயரே இல்லாத இந்த இடைத்தூரம்தான் ஓர் ஊரைப் பற்றிய தீர்ப்பை எழுதுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பார்க்கப் போன கோட்டையும் அருங்காட்சியகமும் எப்படியும் நன்றாகத்தான் இருக்கும். அவற்றுக்கு நடுவில் ஊர் நம்மை எப்படி நடத்தியது என்பதே மனதில் தங்குகிறது.

நடத்துவதில் முதல் வேலை, வந்தவரைத் தொலைந்துபோக விடாமல் பார்த்துக்கொள்வது. இரண்டாம் நாள் சாயங்காலம் கோயில் கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்டேன். அவரிடம் கைபேசி இல்லை. பதறிப்போய் விடுதிக்கு ஓடினால், அங்கே வரவேற்பறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். "கோபுரத்துக்கு முதுகக் காட்டிட்டு நேரா நடந்தேன். மாசி வீதி எங்கேன்னு ஒருத்தர்ட்ட கேட்டேன். வந்துட்டேன்." அவ்வளவுதான்.

அமெரிக்க நகரத் திட்ட அறிஞர் கெவின் லிஞ்ச் 1960-இல் வெளியிட்ட நூலுக்காக பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய மூன்று நகரங்களில் வாழ்பவர்களிடம் தங்கள் ஊரை நினைவிலிருந்து வரைந்து காட்டச் சொன்னார். பாஸ்டன்காரர்கள் ஓரளவு தெளிவாக வரைந்தார்கள். ஜெர்சி சிட்டிக்காரர்களின் படங்களில் பெரிய பெரிய வெற்றிடங்கள் இருந்தன. மனதில் வரைபடமாகப் பதியும் ஊர் மனிதர்களுக்கு ஒரு பாதுகாப்பு உணர்வைத் தருகிறது என்றார் லிஞ்ச். பாதைகள், எல்லைகள், வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளச் சின்னங்கள் என்ற ஐந்தைக் கொண்டு மனம் அந்தப் படத்தை வரைகிறது என்றும் காட்டினார். மூளைக்குள் அந்தப் படத்தை வரையும் செல்களை ஜான் ஓ'கீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்டு மோசர் மூவரும் கண்டுபிடித்ததற்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

லிஞ்ச் மதுரையைப் பார்த்திருந்தால் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருப்பார் என்று நினைப்பதுண்டு. நடுவில் கோயில். அதன் மதிலுக்குள் ஆடி வீதிகள். வெளியே சித்திரை, அதைச் சுற்றி ஆவணி மூலம், அதைச் சுற்றி மாசி, இடிக்கப்பட்ட கோட்டையின் ஓரமாக வெளி வீதிகள். ஒவ்வொன்றும் நான்கு திசைக்கு நான்கு. "வடக்கு ஆவணி மூல வீதி" என்று ஒருவர் சொன்னாலே போதும். எந்தத் திசை, மையத்திலிருந்து எத்தனையாவது சுற்று என்று இரண்டும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. வழி தப்பினால் தலையை நிமிர்த்தினால் போதும், 170 அடி உயரத் தெற்குக் கோபுரம் எங்கோ ஒரு கூரைக்கு மேலே தெரியும். கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அது பக்திக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். அம்மா தனியாக விடுதிக்கு வந்து சேர்ந்ததில் அந்த விதிக்கும் பங்கு உண்டு.

மதுரையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரைச்சல் இருக்கிறது, தூசி இருக்கிறது, சில சந்துகளில் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இருந்தும் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இனி அந்த ஸ்டூலுக்கு வருகிறேன். நியூயார்க்கில் வில்லியம் வைட் என்ற பத்திரிகையாளர் 1970-களில் நகரச் சதுக்கங்களின் மேல் கேமராக்களைப் பொருத்தி, மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று மாதக்கணக்கில் படமெடுத்தார். சில சதுக்கங்கள் மதிய வேளையில் நிரம்பி வழிந்தன. அதே அளவுள்ள வேறு சில வெறிச்சோடிக் கிடந்தன. வெயிலா, அழகா, பரப்பளவா என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, கடைசியில் அவர் கண்டுகொண்டது, உட்கார இடம் இருக்கும் இடத்தில் மக்கள் உட்கார்கிறார்கள் என்பதைத்தான். கேட்டால் இதற்கு ஓர் ஆய்வா என்று தோன்றும். ஆனால் கட்டியவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. 1975-இல் நியூயார்க் தன் கட்டட விதிகளைத் திருத்தி, சதுக்கத்தின் பரப்புக்கு ஏற்ப இத்தனை அடி இருக்கை இருந்தாக வேண்டும் என்று எழுதியது. ஓர் அடியிலிருந்து மூன்றடி வரை உயரமுள்ள எந்த விளிம்பிலும் மனிதர்கள் உட்கார்ந்துவிடுவார்கள் என்றும் வைட் குறித்திருக்கிறார்.

அந்த உயரத்தை நம் கொத்தனார்கள் வைட்டுக்குப் பல தலைமுறை முன்பே அறிந்திருந்தார்கள். அதற்குப் பெயர் திண்ணை. புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கால்வாய்க்குக் கிழக்கே மஞ்சள் சுவர்களையும் போகன்வில்லாவையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கால்வாயைத் தாண்டி மேற்கே வைசியாள் தெருவுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். தெருவை ஒட்டித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதற்கு உள்ளே ஏறி உட்காரத் திண்ணை, அதற்குப் பின்னால்தான் கதவு. பழுதுபார்த்துக் காப்பாற்றப்பட்ட இந்தத் தெருவுக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. கிழக்கே வீடுகள் தெருவுக்கு மதிலைக் காட்டுகின்றன. மேற்கே நிழலும் இருக்கையும் தருகின்றன. பிரிட்டிஷ் புவியியலாளர் ஜே ஆப்பிள்டன் 1975-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். முதுகுக்குப் பாதுகாப்பும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காட்சியும் கிடைக்கும் இடமே மனிதனுக்கு இதமாக இருக்கும் என்றார். திண்ணையில் முதுகுக்குச் சுவர், தலைக்குக் கூரை, முன்னால் தெரு முழுக்க வேடிக்கை. அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் கேட்காமலே உட்கார்ந்தார்கள், இரவு தலைசாய்க்கவும் செய்தார்கள்.

வாசலும் இருக்கையும் இருந்தும் சில ஊர்களில் ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது? அதற்கு பாரிஸைப் பார்க்க வேண்டும். அந்த நகரத்தில் வாசல்களுக்கும் இருக்கைகளுக்கும் குறைவே இல்லை. இருந்தும் அங்கு வந்த ஜப்பானியர் சிலர் படபடப்பும் மனக்குழப்பமும் மிகுந்து மருத்துவமனை வரை போனதை, பாரிஸில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஹிரோவாகி ஓட்டா விவரித்திருக்கிறார். பாரிஸ் நோய்க்குறி என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவு ஆட்கள்தான். மொழியும் களைப்பும் தனிமையும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் சினிமாவிலும் விளம்பரத்திலும் பார்த்த பாரிஸுக்கும், முகம் கொடுத்துப் பேசாத பரிசாரகர் நிற்கும் பாரிஸுக்கும் நடுவிலிருந்த பள்ளம் முக்கியக் காரணம் என்கிறார்கள். மோனாலிசா ஓவியத்தின் உயரம் 77 சென்டிமீட்டர், அகலம் 53. உலகமெல்லாம் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டிய முகத்தை, தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கும்போது மனம் சுருங்கத்தான் செய்யும்.

மூளையின் கணக்கும் இதையே சொல்கிறது. நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் துடித்தெழுந்தன. எதிர்பார்த்தபடியே கிடைத்தபோது சும்மா இருந்தன. எதிர்பார்த்துக் கிடைக்காதபோது வழக்கமான அளவுக்கும் கீழே அடங்கிப்போயின. கோபுரம் அழகாக இருக்கும் என்று அம்மாவுக்கு முன்பே தெரியும். நூல்கடையில் ஒரு ஸ்டூல் காத்திருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் தெருவிலும் ஒரு திண்ணை வீடு இருக்கிறது. நான் சிறு பிள்ளையாக இருந்தபோது அதில் ஏற யாராவது தூக்கிவிட வேண்டும். இரண்டடி இருக்கும். பழைய சாலையின் மேலேயே மறுபடி மறுபடி சாலை போட்டதில் தெரு உயர்ந்துகொண்டே வந்தது, திண்ணை இறங்கிக்கொண்டே போனது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு உத்தரவிட்டது. அதற்குள் எங்கள் தெருவில் காரியம் நடந்து முடிந்துவிட்டது. போன வாரம் ஸ்கேல் எடுத்துப் போய் அளந்தேன். ஐந்தரை அங்குலம். காய்கறிப் பை இரண்டோடு வந்த ஒரு பாட்டி அதன் முன்னால் நின்று, குனிந்து பார்த்து, அவ்வளவு கீழே உட்கார்ந்தால் எழ முடியாது என்று நினைத்தாரோ என்னவோ, பைகளை மட்டும் அதில் வைத்துவிட்டு நின்றபடியே இளைப்பாறினார். நான் வீட்டுக்குள் போய் ஒரு ஸ்டூலை எடுத்து வந்தேன்.