கல்லின் மேல் வரி விதிப்பவர் யார்?



அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் தெற்கே சென்றால் பந்தல்குடியை அடைகிறோம். வானம் பார்த்த கரிசல் பூமி அது. மேலே பருத்தி விளைகிறது. கீழே சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அக்கல்லை வெட்டிச் சிமெண்டு செய்கிறார்கள். வெட்டும் ஒவ்வொரு டன் கல்லுக்கும் ‘ராயல்டி’ என்னும் தொகை செலுத்தவேண்டும். அத்தொகையைப் பெறுவது இராஜ்ய சர்க்கார். ஆனால் அது எவ்வளவு என்று நிர்ணயிப்பது, 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி, மத்திய சர்க்கார்.

அப்படியாயின், இராஜ்யம் தானாக அக்கல்லின் மேல் வரி விதிக்கலாகாதா? இக்கேள்விக்கு விடை காண நமக்கு அறுபது ஆண்டுகள் ஆயின.

1958ஆம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம், நிலத் தீர்வையில் ரூபாய்க்கு 45 காசு மேல்வரி விதித்தது. 1964இல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி ராயல்டியும் தீர்வையாகக் கணக்கிடப்பட்டது. திருநெல்வேலிச் சீமையில் கல் வெட்டிய இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி இதனை எதிர்த்து வழக்காடியது. 1989இல் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் அம்மேல்வரி செல்லாது என்றனர். ராயல்டியே ஒரு வரிதான் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. அந்த வாசகம் எழுத்துப் பிழை என்று 2004இல் ஐவர் கொண்ட அமர்வு கருதியது! ஒரு சொல்லின் பொருட்டுப் பல இராஜ்யங்களின் வருமானம் ஊசலாடியது.

இத்தகைய பூசல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1828ஆம் ஆண்டு இறக்குமதிச் சுங்கம் உயர்த்தப்பட்டது. வடக்கே ஆலைகள் தழைக்க அது உதவும். பருத்தி விளைவித்து விற்ற தெற்கிற்கோ அது சுமை. 1832இல் தென் கரோலினா, அச்சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது. ஜனாதிபதி ஜாக்ஸன் படைபலத்தைக் காட்டினார். 1833இல் சுங்கத்தைப் படிப்படியாகக் குறைக்க ஏற்பாடான பின்னரே சமரசம் பிறந்தது. நம் நாட்டில் அவ்வழக்கு நீதிமன்றத்தில் நடந்தது. அதுவே நமக்கு ஆறுதல்.

2024 ஜூலை 25ஆம் நாள், ஒன்பது நீதிபதிகளில் எண்மர், ராயல்டி வரியன்று என்றும், கனிமம் உள்ள நிலத்தின் மேல் வரி விதிக்க இராஜ்யங்களுக்கு அதிகாரம் உண்டு என்றும் தீர்ப்பளித்தனர். நீதிபதி நாகரத்னா அவர்கள் மட்டும் மாறுபட்டார். இராஜ்யங்கள் போட்டியிட்டு வரியை ஏற்றினால் நாடெங்கும் கனிம விலை ஒழுங்கு குலையும் என்பது அவர் அச்சம். அது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. சிமெண்டு விலை ஏறினால் குடிசையை ஓட்டு வீடாக்க முயலும் ஏழைக்கும் அது உறைக்கும்.

அத்தீர்ப்பையொட்டித் தமிழ்நாடு 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஏப்ரல் முதல் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் வரி விதிக்கப்பட்டது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பழைய மேல்வரி பஞ்சாயத்துச் சட்டத்தில் பிறந்தது. புதிய வரியோ இராஜ்ய சர்க்காரின் வரி. டில்லிக்கும் சென்னைக்கும் இடையே இருந்த வழக்கு ஒருவாறு தீர்ந்தது. சென்னைக்கும் பந்தல்குடிக்கும் இடையே உள்ள கணக்கு இனிமேல்தான் தொடங்குகிறது. குழி விழுந்த பூமிக்கு அருகே வாழ்பவர்களுக்குச் சாலையும் குடிநீரும் கிடைத்தால்தான், வென்ற உரிமை மக்களின் உரிமையாகும்.