தீபாவளிச் சரக்கும் லாரி ஓட்டுநரின் உறக்கமும்

புரட்டாசி பிறந்துவிட்டால் நெசவாளர் சங்கங்களின் கிடங்குகளில் விளக்கு அணைவதில்லை. ஆயுத பூசைக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட வாரங்களில் சேலை, வேட்டி, போர்வைச் சிப்பங்கள் ஈரோட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்னையை நோக்கிப் புறப்படுகின்றன. வாழைத்தாரும் பூசணியும் ஏற்றிய விவசாயிகளின் லாரிகளும் அதே சாலையில் கோயம்பேட்டுச் சந்தைக்கு விரைகின்றன. தென்திசையிலிருந்து வரும் இவ்வண்டிகளுள் பல கத்திப்பாராவைக் கடந்து, அசோக் நகர்த் தூணின் அருகே செல்லும் நூறடிச் சாலை வழியாக நகருக்குள் நுழைகின்றன.

லாரி விபத்து என்றவுடன் ஓட்டுநரின் அசட்டையே காரணம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அசட்டையும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சங்கங்களைத் தணிக்கை செய்யும் அலுவலில் நாம் கண்ட வரையில், பல விபத்துகளுக்கு விதை சாலையில் விழுவதில்லை. சங்கத்தின் கிடங்கு வாசலிலேயே விழுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் சரக்கை ஏற்றி வந்த லாரி, திண்டிவனத்துக்கு அப்பால் சாலையோரம் விளக்கின்றி நின்ற மற்றொரு லாரியின் பின்புறத்தில் மோதியது. கிளீனராக வந்த இளைஞன் மாண்டான். பின்னர் அச்சங்கத்தின் ஏடுகளை நாம் பார்வையிட்டோம். சிப்பங்கள் கட்டி முடிந்தது முற்பகல் 11 மணி. சரக்குச் சீட்டில் கையொப்பமானது இரவு 8.40. கையொப்பமிட வேண்டியவர் வெளியூர் சென்றிருந்தமையால் லாரி ஏறத்தாழப் பத்து மணி நேரம் வாசலில் நின்றது. அந்த நேரத்தில் ஓட்டுநர் உறங்கியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஏற்றுகூலிக்கு ஆள் போதாமல் அவரும் சேர்ந்து சிப்பம் தூக்கினார் என்று அங்கிருந்தவர்களே கூறினார்கள். பதிவேட்டில் குற்றம் காண ஒன்றுமில்லை. எல்லாம் முறைப்படி இருந்தது.

இரவு 9 மணிக்கு ஈரோட்டிலிருந்து புறப்படும் லாரியின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். சென்னை சுமார் 400 கிலோமீட்டர். சுமையேற்றிய வண்டி சராசரி மணிக்கு 40 கிலோமீட்டர் செல்வதாகக் கொண்டால் பயணம் 10 மணி நேரம். உளுந்தூர்ப்பேட்டையை அடையும்போது இரவு 2 மணி, விழுப்புரத்தில் 3, திண்டிவனத்தில் 4. மனித உடல் உறக்கத்தை மிகுதியாக வேண்டுவது இவ்விரண்டு மணி முதல் ஐந்து மணி வரையிலான நேரத்தில்தான். கண் திறந்திருந்தாலும் மூளை சில நொடிகள் அயர்ந்துவிடும். ஓட்டுநருக்கே அது தெரிவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி அயர்ந்தால் வண்டி 66 மீட்டர் தானாகவே ஓடியிருக்கும். தேநீர் உறக்கத்தைத் தள்ளிப்போடுமேயன்றித் தீர்க்காது. வண்டியைப் பத்திரமான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் கண்ணயர்வது அதைவிட நல்ல மருந்து.

1961-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநரின் வேலை நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்கலாகாது என்றும் வரையறுத்தது. மேற்கண்ட பயணம், சிப்பம் தூக்கிய நேரத்தைச் சேர்க்காமலே, அந்த எல்லையைக் கடந்துவிடுகிறது. ஆகவே, நெடுந்தூரச் சரக்குக்கு வாடகை பேசும்போதே இரண்டாவது ஓட்டுநரும் வருவாரா என்று கேட்டுக்கொள்ளுதல் நலம். வாடகை கூடும் என்பது உண்மையே.

ஓட்டுநரை விரட்டும் இன்னொன்றும் உண்டு. காலை நெரிசல் நேரத்தில் கனரக வண்டிகள் நகருக்குள் ஓடக் காவல் துறை தடை விதிக்கிறது. தடைக்கு முன் உள்ளே நுழைந்துவிட வேண்டும் என்னும் தவிப்பில், களைத்த ஓட்டுநர் கடைசிப் பகுதியிலேதான் வேகத்தைக் கூட்டுகிறார். செங்கற்பட்டிலிருந்து கத்திப்பாரா சுமார் 45 கிலோமீட்டர். 40-க்குப் பதில் 60-இல் சென்றால் மிஞ்சுவது 22 நிமிடம். ஆனால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரமோ இரண்டே கால் மடங்காகிறது. மழை பெய்து சாலை நனைந்திருந்தால் இன்னும் கூடும். ஐப்பசி மழையோ தீபாவளிக்கு அழைப்பின்றியே வரும் விருந்தாளி.

அசோக் நகரை அடைந்தபின் நிலைமை வேறு. 2015-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலின் பாலத்தூண்கள் நூறடிச் சாலையின் நடுவே வரிசையாக நிற்கின்றன. தூணுக்குப் பின்னிருந்து சாலையைக் கடக்க வருபவர், உயரத்தில் அமர்ந்திருக்கும் லாரி ஓட்டுநரின் கண்ணுக்குக் கடைசி நொடியில்தான் தெரிவார். விடியற்காலையில் பால் வாங்கச் செல்வோரும் நடைப்பயிற்சி செய்வோரும் அங்கே மிகுதி. ஆயுத பூசைக்கு மறுநாள், சாலையில் உடைத்த பூசணிக்காய்கள் வேறு. அதில் வழுக்கும் இருசக்கர வண்டி லாரியின் சக்கரத்தருகே விழக்கூடும். பூசையிட்ட லாரியின் முகப்பில் கட்டும் வாழைக்கன்றும் முன்விளக்கையும் ஓட்டுநரின் பார்வையையும் மறைக்கிறது. பக்தியில் குறை சொல்லவில்லை. பூசை முடிந்ததும் கன்றை அவிழ்த்துவிடலாமே என்கிறோம்.

சுமையைப் பற்றியும் ஒரு சொல். துணிச் சிப்பம் எடையில் மிஞ்சுவது அரிது, உயரத்தில் மிஞ்சும். உயர அடுக்கிய வண்டி வளைவில் சாயும். தார்ப்பாய் சரியாக மூடாமல் நனைந்த பருத்தித் துணியோ எடையும் கூடி ஒரு பக்கமாகச் சரியும். தார்ப்பாயின் தொங்கல் பின்விளக்கை மறைக்கிறதா என்று புறப்படுமுன் பார்க்க வேண்டியவர் ஓட்டுநர் மட்டுமல்லர், சங்கத்தின் கிடங்குக் காப்பாளருந்தான். விவசாயிகளின் சரக்கில் எடையே அபாயம். 2019 செப்டம்பர் முதல் மிகைச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

விபத்து நேர்ந்துவிட்டால் 108-ஐ அழைப்பதில் தயக்கம் வேண்டா. தமிழக அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க ஏற்பட்டது.

நாம் மேலே குறித்த சங்கத்தார் மறு ஆண்டு ஒரு மாறுதல் செய்தார்கள். பண்டிகைக் காலத்தில் சரக்குச் சீட்டில் கையொப்பமிடும் பொறுப்பை, செயலாளர் இல்லாதபோது ஏற்க மற்றொருவரைத் தீர்மானத்தின் மூலம் நியமித்தார்கள். லாரி பகல் 12 மணிக்கே புறப்பட்டது. வழியில் ஒரு மணி நேரம் இளைப்பாறியும் இரவு 11 மணிக்கு அது நகரை அடைந்தது. அசோக் நகரிலும் தியாகராய நகரிலும் துணிக்கடைகள் திறப்பது காலை 10 மணி சுமாருக்கு. விடியுமுன் சரக்கு வந்தாக வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளாக யார் கேட்டார்கள் என்று அச்சங்கத்தின் தலைவரை வினவினோம். அவருக்கும் தெரியவில்லை. ஓட்டுநர் கேட்டது ஒன்றே: வண்டியை நிறுத்திப் படுக்க ஓர் இடமும், கடைக் காவலரின் தொலைபேசி எண்ணும். இரண்டையும் இப்போது சரக்குச் சீட்டின் பின்புறத்திலேயே எழுதிக் கொடுக்கிறார்கள்.